ஆட்டுத்தோல் தவளை

போன வாரம் வேலூர் லாங் பஜாரில் துணிக்கொடி கட்ட நைலான் கயிறு வாங்கப் போனேன். கடை வாசலில், எலிப்பொறிகளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பைக்குள் ஒரு ரப்பர் தவளை தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை உடம்பு, மஞ்சள் வயிறு, முதுகோடு படிந்த இரண்டு கொக்கி. விரால் பிடிக்கிற தவளை. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மீன் புடிப்பீங்களாக்கா?" என்றார் கடைக்காரர்.

நான் தேடியது தையலை. ஷூ கம்பெனியில் பாதி ஆயுசு மிஷின் மிதித்தவளுக்கு எதைப் பார்த்தாலும் தையல் எங்கே என்றுதான் கண் போகும். கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் அவர் ஷூவைத்தான் பார்ப்பேன். இந்தத் தவளைக்குத் தையலே இல்லை. அச்சில் வார்த்தது.

பையைப் பிரித்ததும் வந்த ரப்பர் நெடி, ஆம்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷனின் நெடிதான். அது தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவர் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வண்டி ஓட்டியவர், அவர் மேல் அடித்த நாற்றத்தை நானும் சொன்னதில்லை. அதில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. தவளையில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமையானால் அவர் ஏரிக்கு விரால் பிடிக்கப் போவார். ஏரி விரால் சும்மா கிடக்கிற இரையைத் திரும்பிப் பார்க்காது, துள்ளுகிற தவளைதான் வேண்டும். அதனால் முதல்நாளே வாய்க்காலில் தவளை பிடித்து, வாளியில் போட்டு மூடி, குளிக்கிற இடத்தில் வைத்துவிடுவார். இது தெரியாமல் துணி ஊறவைக்க வாளியைத் திறந்து, நான் போட்ட கூச்சலில் தெருவே கூடியது தனிக்கதை. அதைக்கூடச் சிரித்து விட்டுவிட்டேன். ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோனபோது ஏரிக்கரையில் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. உயிருள்ள தவளையின் முதுகில் கொக்கியைக் குத்தி, அல்லி இலைகளுக்கு நடுவே வீசி வீசி இழுத்தார். அது அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டே போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "இனிமே தவளய வூட்டுக்குக் கொணாந்தீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்."

"வெரால் வேற எதுக்கும் வராது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் அவர்.

அந்த வாரம் முழுக்கப் பேச்சில்லை. நான் புடவைகளை ஒரு பையில் அடுக்கிக் கதவோரம் வைத்தேன். அவர் அதைத் தாண்டித் தாண்டிப் போனாரே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

என் பக்கத்து மிஷினில் இருந்த முபீனாவிடம்தான் சொல்லி அழுதேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "தவளைக்காவ புருஷன வுட்டுட்டு வந்தேன்னு சொன்னா உங்கம்மாவே சிரிக்கும்டி. ரொம்ப பேஜார் பண்ணாத. இத்தினி தோல் துண்டு குப்பைக்குப் போவுது. ஒரு தவளய நீயே தெச்சிக் குடேன்" என்றாள். கேலியாகச் சொன்னதுதான். எனக்குப் பிடித்துக்கொண்டது.

சூப்பர்வைசரிடம் வெட்டுத்துண்டு கேட்டேன். "எடுத்துக்கம்மா. கேட்ல கேட்டா இன்னான்னு சொல்லுவ?" என்றார்.

"தவளைன்னே சொல்றேன் சார்."

ஷூவின் மேல்தோலான அப்பருக்கு வெட்டுகிற மாதிரி முதலில் செய்தித்தாளில் வரைந்துகொண்டேன். முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. மெல்லிய ஆட்டுத்தோலை ஓரம் சீவி, உள்புறமாகத் தைத்து, புரட்டி எடுத்தேன். பின்னங்காலுக்கு லைனிங் தோலில் நாலு வார். உள்ளே பஞ்சு திணித்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் விட்டதும் கல் மாதிரி முழுகிவிட்டது. பஞ்சை எடுத்துவிட்டு கார்க் வைத்தேன். மிதந்தது, ஆனால் மல்லாக்க.

ஒரு வாரமாகப் பேசாதவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "செத்த தவள" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் உள்ளே போய் வீச்சுவலையில் இருந்து ஓர் ஈயக்குண்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை வயிற்றுக்குள் வைத்துத் தைத்ததும் தவளை குப்புற உட்கார்ந்தது. கொக்கிகளை முதுகோடு ஒட்டினாற்போல் அவரே வளைத்துக் கொடுத்தார், இலையில் மாட்டாமல் இருக்க.

இன்னொரு தொல்லை, தோல் தண்ணீர் குடித்து உப்பிவிடும். மெழுகுவத்தியை உருக்கி முக்கி எடுத்து, சூடாக இருக்கும்போதே துணியால் தேய்த்தேன். கருப்பு ஷூ பாலிஷால் புள்ளி வைத்தேன். அதன் மேல் முபீனா கொடுத்த நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. கொடியில் காயப்போட்ட தவளையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்.

ஞாயிறு காலை, "நீயும் வா. நீ தெச்சது" என்று என்னையும் கூட்டிப்போனார். வெகுநேரம் ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. வெறுங்கையோடு திரும்பினால் மறுபடி வாளி வரும், நான் பையைத் தூக்க வேண்டும். அல்லி இலை மேல் ஏறிய தவளை தண்ணீரில் சறுக்கிய இடத்தில், பளக்கென்று ஏரி வாயைத் திறந்து மூடியது. கழி வில்லாக வளைந்தது. "நரம்பப் புடி, நரம்பப் புடி!" என்று கத்தினார். தூண்டிலின் தங்கூஸ் நரம்பு என் உள்ளங்கையை அறுத்தது. இரண்டு பேருமாகச் சேற்றில் சறுக்கி விழுந்துதான் கரையேற்றினோம். என் கை நீளத்துக்கு ஒரு விரால்.

மீனைக்கூடப் பார்க்காமல் அவர் தவளையைத்தான் முதலில் பார்த்தார். தோலெல்லாம் பல் பட்ட கீறல்.

"ஒரு தையல்கூடப் பிரியல" என்றார்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துப் புடவைகளைப் பீரோவில் அடுக்கினேன். அவர் கவனிக்காத மாதிரி சாம்பல் போட்டு விராலைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எத்தனையோ தவளை தைத்தேன். பழுப்பு, கருப்பு, ஒருமுறை ஏற்றுமதியில் கழித்த சிவப்புத் தோலில்கூட. சிவப்புக்கும் வந்தது.

பிறகு யாரோ ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஏரியில் விட்டார்கள். அது விரால் குஞ்சுகளைத் தின்றே தீர்த்தது. கடைசியாக நாங்கள் சேர்ந்து போன ஞாயிறன்று கரையெல்லாம் ஆட்கள். கொக்கியில் கோழிக்குடலை மாட்டிப் போட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கெளுத்தி தானாக வந்து மாட்டியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நரம்பைச் சுற்றி, தவளையைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வா போலாம். இதுங்களுக்கு எதுக்கு உன் தையல்?" என்றார்.