எமராணிக்குக் கல்யாணம்

வாஷிங் மெஷின் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் சோதனைக்கூடத்தை நடத்தியவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் எமராணி. மேல்தளத்திலிருந்து வரும் மின்னணு போர்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வாட்டுவாள், ஈர ஆவியில் ஊறவிடுவாள், ஓயாமல் போட்டுப் போட்டு அணைப்பாள். ஒரு வீட்டில் பத்து வருஷம் படும் பாட்டைச் சில வாரங்களிலேயே பட வைத்து, எது எங்கே உயிரை விடுகிறது என்று பார்ப்பதுதான் அவள் தொழில்.

"சாகறது இங்கேயே சாகட்டும். யார் வீட்லயோ ஈரத்துணியை வயித்துல வெச்சுக்கிட்டு சாக வேண்டாம்" என்பாள்.

வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வருகிற மாப்பிள்ளைகளையும் அந்தப் பெட்டியில்தான் போட்டு எடுக்கிறாளோ என்று அண்ணி கேலி செய்வாள். அம்மா தேடுவதையே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் மேல்தளத்தில் புதிதாகச் சேர்ந்த வடிவமைப்பாளரின் முதல் போர்டு அவளிடம் வந்தது. ஒரே வாரத்தில் அதிலிருந்த கெப்பாசிட்டர் தலை உப்பி வெடித்தது. செய்தி போன கையோடு அவர் கடுகடுவென்று இறங்கி வந்தார். பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்பது அவர் கட்சி. அவள் பூதக்கண்ணாடியை நீட்டினாள். வெகுநேரம் பார்த்தவர், சட்டென்று சிரித்துவிட்டார். சூடேறும் பாகத்தை ஒட்டியே அந்தக் கெப்பாசிட்டரைக் குடிவைத்தது தன் கைதான் என்று ஒப்புக்கொண்டார். சண்டைக்கு வந்து சிரித்துக்கொண்டு போன முதல் ஆள் அவர்தான்.

இரண்டாவது போர்டில் மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. அறிக்கை கணினியிலேயே போய்விடும். ஆனாலும் அவர் இறங்கி வந்தார். மறுநாளும் வந்தார். ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்க, பேச்சு போர்டை விட்டு அவள் அம்மாவின் முழங்கால் வலிக்கும், தனியாகச் சமைத்துச் சாப்பிடும் அவருக்குச் சோறு குழைந்துபோகும் கதைக்கும் தாவியது. அவர் வராத நாளில் கூடம் வெறிச்சென்று இருப்பதை அவள் கவனித்தாள்.

மூன்றாவது போர்டு எதற்கும் அசையவில்லை. கடைசி நாளன்று, இது தோற்றால் தேவலை என்று மனது ஒரு கணம் நினைத்தது. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் தொழிலில் அவள் கை பிசகாது. தேறியது என்று எழுதி அனுப்பினாள்.

வந்தவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"இனிமே கீழே வர எனக்கு ஒரு காரணமும் இல்லீங்க."

"காரணம் இருந்தாத்தான் வருவீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் பெட்டியின் கதவைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

அடுத்த வாரமே அவர் பெண் கேட்டு அவள் வீட்டுக்கு வந்தார். அண்ணி விடுவாளா? எங்கள் நாத்தனாரிடம் தாக்குப்பிடிப்பீர்களா என்று நேராகவே கேட்டாள்.

"ரெண்டு தடவை தோத்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார் அவர். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கல்யாணத்தன்றும் பெட்டிகளை நிறுத்த முடியாது. சோதனைக்கூடத்து ஆட்கள் முறைவைத்துக் கல்யாணத்துக்கு வந்து போனார்கள். ஒவ்வொருவராக வந்து இலையில் உட்கார, முழங்கால் வலியையும் மறந்து அம்மாவே எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று பரிமாறினாள்.