முள் இல்லாத கால்

கல்யாணமாகி இரண்டு மாதமாகியும் என் வீட்டுக்காரர் என் முகம் பார்த்துப் பேசியதில்லை. "தண்ணி குடு", "வாரேன்", இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பெரியவர்கள் முன்னால் பெண்டாட்டியிடம் பேசினால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது. தெரியாமல் இல்லை. இருந்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன்.

அப்போதுதான் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் என் வீட்டுக்காரர். நாத்தனாரின் மாமியார் வீட்டாரோ சும்மாவே அவளை இளக்காரம் பேசுகிறவர்கள். உச்சிக்குள் மாமன் வராவிட்டால் பங்காளி மடியில் வைத்துக் குத்திவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அப்படி நடந்துவிட்டால் பிறந்த வீட்டு நாதியற்றவள் என்று அவளை ஆயுசுக்கும் குத்திக் காட்டுவார்கள்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டுகிற பஸ். விடிந்ததும் காளவாசலில் ஏறினோம். மாமனார், மாமியார், அவர், நான், சீர்த் தட்டுகளோடு சொந்தக்காரர்கள் சிலர். செக்கானூரணி தாண்டியதும் பஸ் ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. பின்னால் இருந்த கரி அடுப்புக்குக் காற்றடித்துக் காற்றடித்துக் கிளீனர் ஓய்ந்து போனான். முகமெல்லாம் கரி.

மாமியார் முதலில் இறங்கி முந்தானையை இழுத்துச் செருகினார். "காலுதான் இருக்குல்ல, பெறகென்ன? வெரசா நடங்க எல்லாரும்! எம்மக அங்க வாசலப் பாத்துக்கிட்டு நிப்பா."

ரோட்டை விட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கினோம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். டவுனில் வளர்ந்த எனக்கோ கோயிலைச் சுற்றிய வீதிகளைத் தவிர வேறெங்கும் நடந்து பழக்கமில்லை. கூரைப்புடவை வேறு தடுக்கியது. கொஞ்ச தூரத்திலேயே பெண்களையும் விட்டுக் கடைசி ஆளாகிவிட்டேன்.

அப்போது முன்னால் போன அவர் குனிந்து உட்கார்ந்தார். "முள்ளு. நீங்க போங்க, வாரேன்" என்றார் மற்றவர்களிடம். நான் போய்ச் சேர்ந்ததும் எழுந்து விறுவிறுவென்று நடந்தார். கண்மாய்க் கரையில் மறுபடி முள். சோளக்காட்டு ஓரத்தில் மறுபடி. எனக்கு எரிச்சலாக வந்தது. காட்டில் இருக்கிற முள்ளெல்லாம் இவர் காலுக்கென்றா காத்துக்கிடக்கிறது?

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு நாத்தனார் முகம்தான் கண்ணில் நின்றது. ஒரு புளியமரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தபோது, பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"முள்ளு கெடக்கட்டும். நீங்க ஓடுங்க. உங்க தங்கச்சி பாவம்."

அவர் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாமன் மட்டும் போனாப் போதுமா? புள்ளைக்கு அத்தை வேணாமா?"

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதற்கப்புறம் எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். மாமியாரையே தாண்டிவிட்டேன்.

உச்சிக்குச் சற்று முன் ஊருக்குள் நுழைந்தோம். பங்காளி ஒருவர் மணையில் உட்காரவே போய்விட்டார். நாத்தனார் செம்புத் தண்ணீரோடு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்று அண்ணன் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

"அவனத் திட்டாத ஆத்தா. வழியெல்லாம் கால்ல முள்ளு. எங்கிட்டாவது ஒடிஞ்சு நிக்குதான்னு பாத்து எடுத்து விடு" என்றார் மாமியார்.

நாத்தனார் இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பித் தேய்த்துப் பார்த்தாள். "எங்கம்மா முள்ளு? ஒரு கீறலக்கூடக் காணமே!"

மாமியார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரோ எதிர் வீட்டுக் கூரையை அளவெடுப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடவுளே, இந்த மனுஷனையா நான் இரண்டு மாதமாகச் சந்தேகப்பட்டேன்! அத்தனை கூட்டத்துக்கு நடுவே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மாமன் மடியில் பிள்ளை வீறிட்டது. நான்தான் அதன் காதுக்குச் சந்தனம் வைத்தேன். நாத்தனார் தலை நிமிர்ந்து நின்றாள்.

சாயங்காலம் திரும்ப ரோட்டுக்கு வந்தால், அதே பஸ் சரியாகி நின்றது. எல்லோரும் ஏறினோம். அவர் மட்டும் ஏறவில்லை.

"கரிப்பொகை எனக்கு ஒத்துக்கல. செக்கானூரணிக்கு நடந்து வாரேன். அங்கன நில்லுங்க" என்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமியார் என் முழங்கையைத் தட்டினார்.

"நீயும் எறங்குத்தா. அவனுக்கு முள்ளெடுக்க ஆளு வேணும்ல?"

பஸ்ஸே சிரித்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன். புகையைக் கக்கிக்கொண்டு பஸ் போனது. அவர் முன்னால் போகவில்லை. என் பக்கத்திலேயே நடந்தார்.