வாலிபால் டீமுக்கு நாங்கள் வைத்த விருந்து

எட்டு வயதில் என் உடம்பில் ஓடிய ரத்தத்தில் பெரும்பகுதி ஒரு கல்லூரி வாலிபால் டீமுக்குச் சொந்தமானது. இது நானாகச் சொல்வதல்ல, மாமா சொல்வது. அம்மாவின் தம்பியான மாமா அப்போது திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்பதைவிட வாலிபால் ஆடினார் என்பதே சரி. புத்தகப் பையோடு அவரை நான் பார்த்த நினைவே இல்லை.

எனக்கு வந்திருந்தது ரத்தப் புற்றுநோய். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் என் காதுபடச் சொன்னதில்லை. "பாப்பாவுக்கு ரத்தம் ஊற மாட்டேங்குது" என்பார்கள். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம் இருந்ததால், தண்ணீர் ஊறாத கிணறு போல எனக்குள்ளும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே மருந்து ஏற்ற ஏற்ற ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகும். நர்சுகள் அதை பிளேட்லெட் என்பார்கள். குறைந்துவிட்டால் பல் துலக்கினாலே ஈறெல்லாம் ரத்தம். அதை மருந்துக் கடையில் வாங்க முடியாது. யாராவது ஒரு ஆள் வந்து படுத்து, மெஷினில் கையைக் கொடுத்து, தன் உடம்பிலிருந்து எடுத்துத் தர வேண்டும். அதுவும் மறுபடி மறுபடி.

எங்கள் சொந்தம் பெரிய சொந்தம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து நிறைந்துவிடுவார்கள். ரத்தம் என்ற பேச்சு வந்ததும் ஒருவருக்கு பிரஷர், ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு வளைகாப்பு. அப்பாவின் அண்ணனான பெரியப்பா, எங்கள் கூட்டுக் குடும்பத்தின் தலைவர், ஊசியைப் பார்த்தாலே தனக்குத் தலை சுற்றும் என்று பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். அப்பாவின் ரத்தம் வேறு குரூப்.

மாமா கிரவுண்டில் போய் உட்கார்ந்து அழுததாகச் சொல்வார்கள். அன்று மாலையே அவர்களுடைய பி.டி. சார் டீமை வரிசையில் நிற்க வைத்து யார் யார் என்ன குரூப் என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து அவர்கள் வர ஆரம்பித்தார்கள். திண்டுக்கல்லில் முதல் பஸ் ஏறி, இரண்டு இரண்டு பேராக, தோளில் கிட் பையோடு, பயிற்சி முடிந்த வேர்வை வாடையோடு. ரத்த வங்கி நர்சுக்கு அவர்களைக் கண்டால் ஒரே சந்தோஷம். "நரம்பைப் பாரு, கயிறு மாதிரி" என்று சிரித்துக்கொண்டே குத்துவார்.

மற்றவர்கள் கொடுத்த ரத்தத்துக்கு ஈடாக வங்கி என் குரூப் ரத்தம் தரும்; தட்டணு கொடுக்கும்படி என் குரூப்பாகவே இருந்தவர் அவர்களில் ஒருவர்தான். டீமிலேயே உயரம் என்பதால் நான் அவருக்கு வைத்த பெயர் நெட்டையண்ணன். அவர்தான் அதிகம் வந்தார். கொடுத்து முடித்ததும் என் கட்டில் பக்கம் வந்து ஒரு பலூனை ஊதி, இரண்டு கை விரல்களையும் விரித்து அதை எப்படித் தூக்கிவிடுவது என்று காட்டுவார். நான் படுத்தபடியே தூக்கிவிடுவேன். அவர் குனிந்து குனிந்து திருப்பி அனுப்புவார். தலைக்கு மேல் தொங்கிய பையில் மோர்த் தெளிவு நிறத்தில் அவருடைய தட்டணுக்கள் சொட்டிக்கொண்டிருக்கும். அது முழுக்க இறங்கியதும் நானும் அவரைப் போல நெட்டையாகிவிடுவேன் என்று உறுதியாக நம்பினேன்.

கொடுத்தவர்களை இரண்டு நாள் ஆடவிட மாட்டார் பி.டி. சார். அப்படி நெட்டையண்ணன் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு போட்டியில் அவர்கள் தோற்றுப் போனார்கள். அதை அப்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

முதல் தடவை அவர் வந்த அன்று அம்மா பிளாஸ்க்கிலிருந்து பூஸ்ட் ஊற்றி அதன் மூடியில் கொடுத்தாள். நானும் அந்த மூடியில்தான் குடிப்பேன். அவர் பாதி குடித்திருந்தபோது அம்மா கேட்டாள்.

"எந்த ஊருப்பா நீ?"

"உங்க ஊருதான்க்கா. பஞ்சவர்ணம் மகன்."

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா பிளாஸ்க்கின் தக்கையை அழுத்தி மூடினாள். பிறகு, "ஆறிரப் போகுது, குடிப்பா" என்றாள்.

பஞ்சவர்ணம் எங்கள் தோட்டத்தில் விடியுமுன் பூப்பறிக்க வருகிற பெண். ஊருக்குத் தள்ளி இருக்கும் காலனியில் அவர் வீடு. எங்கள் வீட்டில் யாருக்கும் காலனி ஆட்களை உள்ளே விடுகிற வழக்கம் இல்லை. பஞ்சவர்ணத்துக்கு மோட்டார் ரூமில் ஒரு தனி டம்ளர் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையான நானும் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிடுவேன். அது தப்பு என்று யாரும் என்னைத் திருத்தியதில்லை. அவர் மகன் விடுதியில் தங்கிப் படித்தவர் என்பதால் எங்களுக்கு முகம் தெரியவில்லை.

அதற்குப் பின்னும் அவர் வரும்போதெல்லாம் அம்மா அதே மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்க்க ஊர் இல்லை. அவர் போன பிறகு மூடியை வழக்கத்தைவிடச் செத்த நேரம் கூடுதலாகக் கழுவினாளா என்று எனக்கு நினைவில்லை. இல்லை என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு நெட்டையண்ணன் அம்மாவை அக்கா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. எதையும் என்னிடம் சொல்வது போலவோ, மாமாவிடம் சொல்வது போலவோ சொல்லி முடித்துக்கொள்வார்.

சிகிச்சையின் கடுமையான பகுதி முடிந்து, தலையில் பிரஷ் போல முடி முளைத்து, நான் வீட்டுக்கு வந்தேன். டீம் மொத்தத்தையும் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும் என்று சொன்னவர் பெரியப்பாதான். பிரியாணிக்கு மாஸ்டர் பிடித்தார். பி.டி. சாருக்குச் சால்வை வாங்கினார். வீட்டுக்கு ஒரு மதிப்பான காரியம் என்றால் பெரியப்பா பின்வாங்கவே மாட்டார்.

நெட்டையண்ணன் யார் என்பதை அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா தயங்கித் தயங்கி அண்ணனிடம் சொன்னார். பெரியப்பா கோபப்படவில்லை. அவர் யோசித்தார்.

"நம்ம யாரையும் ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. வாசல்ல பந்தல் போட்ருவோம். வீட்டுக்குள்ள புழுக்கமா இருக்கும்னு சொல்லிக்கலாம். சாப்பாடு எப்படியும் இலைதான். தண்ணிக்கு எல்லாருக்கும் பேப்பர் கப்பு வச்சிட்டா யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அப்பா தலையாட்டினார். ஒருவரையும் புண்படுத்தாமல் காரியம் முடிக்கத் தெரிந்தவர் என்று ஊரில் பெரியப்பாவுக்கு ஏற்கனவே பெயர் இருந்தது. காலையிலேயே அம்மா எவர்சில்வர் டம்ளர்களையெல்லாம் கூடையில் அள்ளி உள் அறைக்குக் கொண்டுபோனாள். பேப்பர் கப்புகளில் பச்சைப் பூ போட்டிருந்தது. பிறந்தநாள் விழா போல இருக்கிறது என்று எனக்குக் குதூகலம்.

கல்லூரி வேனில் வந்து இறங்கினார்கள். பந்தலில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். நெட்டையண்ணன் கடைசியில், மாமாவுக்குப் பக்கத்தில், நீண்ட கால்களை மடக்க இடம் போதாமல் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா தானே கரண்டியைப் பிடித்துப் பரிமாறினார். "கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பிகளா. இது உங்க வீடு."

மின்விசிறிக் காற்றுக்கு நெட்டையண்ணனின் கப்பு சாய்ந்தது. தண்ணீர் இலை முழுக்க ஓடியது. இன்னொரு கப்பு வைத்தார்கள். அதுவும் சாய்ந்தது. எனக்கு உதவி செய்யத் தோன்றியது. எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அம்மா, அண்ணனுக்கு பிளாஸ்க் மூடியில ஊத்திக் குடும்மா! ஆஸ்பத்திரில அதுலதான குடிப்பாங்க. நானும் அண்ணனும் அதுலதான குடிச்சோம்!"

அம்மா உள்ளே போகவில்லை. அம்மாவுக்குக் காதில் விழவில்லையோ என்று நான் இன்னும் விளக்கினேன்.

"இல்லாட்டி டம்ளர எடுத்துட்டு வாம்மா. காலைல இம்புட்டு டம்ளரையும் உள்ள வச்சிட்டேல்ல."

பெரியப்பாவின் கரண்டி நின்றது. அவர் அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்களில் ஒருவர் தன் கப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மாமா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். நெட்டையண்ணன்தான் முதலில் பேசினார். சிரித்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு இதுவே போதும் பாப்பா."

"மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் சாப்பிடுங்கடா" என்றார் பி.டி. சார். நான் பந்தலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். வெயில் கண்ணைக் குத்தியது.

நெட்டையண்ணன் இலையை மடித்துத் தானே கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். எனக்கு அடுத்த சந்தோஷம் காத்திருந்தது. அங்கே பஞ்சவர்ணம் பிரியாணி அண்டா தேய்க்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நெட்டையண்ணனுக்கு முன்னால் ஓடினேன்.

"பஞ்சவர்ணம், ஒன் மகன் வந்திருக்காங்க, பாரு!"

பஞ்சவர்ணம் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரைக்கும் கரி. அவர் எழுந்திருக்கவில்லை.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேன். நீ?"

"அப்புறம் சாப்பிடுவேன். வண்டி கெளம்பிரப் போகுது, நீ போ."

நெட்டையண்ணன் போகவில்லை. இலையைப் போட்டுவிட்டு வந்து, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, அண்டாவை ஒருபக்கமாகத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தார். பஞ்சவர்ணம் உள்ளே கையை விட்டுத் தேய்த்தார். சால்வை போடும் நேரம் வந்துவிட்டது என்று நெட்டையண்ணனைக் கூப்பிடப் பின்பக்கம் வந்த அப்பா அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

வேன் கிளம்பும்போது எல்லோரும் எனக்குக் கை காட்டினார்கள். நெட்டையண்ணன் வேனில் இல்லை. சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்கு வருத்தம். பிரியாணி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முகத்தைக் காட்டவில்லை.

பஞ்சவர்ணம் அதன் பிறகு பூப்பறிக்க வரவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

மழைக்காலத்தில் எனக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. பிளேட்லெட் வேண்டும், இன்றைக்கே சொல்லி வையுங்கள் என்றார் டாக்டர். என் குரூப்பில் வேறு ஆள் கிடைக்கவில்லை. அப்பா மாமாவுக்குப் போன் போட்டார். மாமா சொன்னது பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்டதாம்.

"நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன்ட்ட கேப்பேன் மச்சான்? கேக்கணும்னா நீங்க போயி கேளுங்க."

அப்பா ஊருக்குத் திரும்பினார். பைக்கை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, மழையில் காலனிக்குள் நடந்து போனார். அவர் பிறந்த ஊரில் அந்தத் தெருவுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. பஞ்சவர்ணத்தின் வீட்டில் என்ன கேட்டார், எப்படிக் கேட்டார், அவர்கள் உட்காரச் சொன்னார்களா, இவர் உட்கார்ந்தாரா, இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் பிழைத்துக் கிடக்கிறேன் என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில்.

நெட்டையண்ணன் இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். போன வருடம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவரே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். "பாப்பா, உடம்பெல்லாம் நல்லாருக்கா?" என்றார். நல்லாருக்குண்ணே என்றேன். அவருடைய அம்மாவை விசாரிக்க வேண்டும் என்று வாயெடுத்தேன். எப்படிச் சொல்லி விசாரிப்பது என்று வரவில்லை. என் நாக்குக்குப் பழக்கம் பஞ்சவர்ணம் என்ற வெறும் பெயர் மட்டும்தான். பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அந்த மழைக்கால நாளின் மறுநாள் காலையில் அவர் வந்தார். தனியாக, முதல் பஸ்ஸில். எப்போதும் போலப் படுத்துக் கை நீட்டினார். முடிந்ததும் எப்போதும் போல என் கட்டில் பக்கம் வந்து பலூன் ஊதினார். அம்மா இருட்டோடு எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் யார் வீட்டு அடுப்பையோ கேட்டு வாங்கி, அவருக்கென்று இட்லி அவித்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"சாப்ட்டுத்தான் வந்தேன்" என்றார் அவர், என்னைப் பார்த்து.

"ரெண்டே ரெண்டு இட்லிப்பா."

"இல்ல, வயிறு நெறஞ்சிருக்கு."

கிட் பையைத் திறந்து ஒரு நீலத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல், தொண்டை ஏறி இறங்கக் குடித்தார். மூடியைத் திருகிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா திறக்காத தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விளையாட்டு வீரர்கள் எங்கே போனாலும் தங்கள் பாட்டிலில்தான் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று நான் வியந்து போனேன். எனக்கும் அதே மாதிரி நீல பாட்டில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தேன். அம்மா வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன். சட்டையெல்லாம் நனைந்து நனைந்து, கடைசியில் உதட்டில் படாமல் குடிக்கவும் பழகிவிட்டேன். நெட்டையண்ணன் மாதிரியே குடிக்கிறேன் பாருங்கள் என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும், பெரியப்பாவுக்கும்கூட, கூடத்தின் நடுவில் நின்று பெருமையாகக் குடித்துக் காட்டினேன்.