பொம்மை வீட்டில் எழுந்த சுவர்

எங்கள் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு மர வீடு நிற்கும். லாலாகுடா ரயில்வே பட்டறையில் தச்சராக இருந்த அம்மாவின் தாத்தா, செகந்திராபாத்தில் நாங்கள் வாழ்ந்த இரண்டடுக்கு வீட்டை அப்படியே தேக்கில் செய்தது. முன்சுவரை அலமாரிக் கதவுபோலத் திறக்கலாம். அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு: உண்மையான வீட்டில் எது மாறினாலும் அடுத்த கொலுவுக்குள் மர வீட்டிலும் மாற்றிவிட வேண்டும். முற்றத்துக் குழாய், மின்சார மீட்டர், கூடத்து ஃபேன், மாடிக் கழிப்பறை எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவை. முதலில் வீடு, பிறகு பொம்மை. பொதுத்துறை ஆலையில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு அந்த வரிசை பிடித்திருந்தது.

அந்த வருடம் மாமா வரிசையை மாற்றினார்.

தெருப்பக்க மாடி அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா இறந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த அம்மாவுக்கு அவருடைய அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்த அறை. கொலுவின் முதல் நாள் மர வீட்டைத் திறந்தால், எங்கள் அறையிலிருந்து மாடிக்கூடத்துக்குப் போகும் வாசலை ஒரு பிளைவுட் துண்டு அடைத்திருந்தது. வெளியே புதிதாக ஒரு படிக்கட்டு.

சுண்டல் வாங்க வந்த பெண்களிடம் மாமாவே விளக்கினார். "இது தனி போர்ஷன் ஆகுது. வாடகைக்கு விடப்போறோம். அக்கா கீழ ஸ்டோர் ரூமுக்கு வந்துடுவாங்க."

"ஹவ், ஆமா, நல்லதுதானே," என்றார் பக்கத்து வீட்டு அத்தை. "மாடி ஏறி இறங்கற கஷ்டமில்லை."

அம்மாவிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. பத்துப் பேர் பார்த்துத் தலையாட்டிவிட்டால் பிறகு அம்மா வாயைத் திறக்க முடியாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து பிளைவுட்டை நெம்பினேன்.

"நக்கோ, நக்கோ, வேணாம். பண்டிகை நாள்ல என்ன பண்றே நீ?"

"வீட்ல சுவர் வந்தப்புறம் இதுல வைக்கலாம், மாமா. அதுதானே வழக்கம்."

பலகையோடு பழைய வர்ணமும் கொஞ்சம் உரிந்து வந்தது. அத்தனை பேரும் அந்த வர்ணத்துக்காக வருந்தினார்கள். எவ்வளவு பழைய பொருள், பெண்ணுக்கு இவ்வளவு கோபம் ஆகுமா, படிக்க வைத்ததன் பலன். அறையை இழக்கப் போகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொலு முடிந்ததும் கொத்தனார் செங்கல்லோடு வந்தார். அம்மா தையல் மெஷினை இழுத்து அந்த வாசலுக்கு நடுவே போட்டுக்கொண்டு, மாமாவின் மகளுக்கே பாவாடை தைக்க உட்கார்ந்தார்.

"எழுந்திரு அக்கா, ஆள் நிக்கறான்."

"தைச்சு முடிச்சிட்டு எழுந்துக்கறேன்டா."

கொத்தனார் மத்தியானம் வரை பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அம்மா அடுத்த துணியை வெட்டினார்.