மாஸ்டர் வீட்டுப் பனீர்

எங்கள் மாடியில் எதிர் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சமையல் மாஸ்டர் என்று நினைத்துவிடக் கூடாது. லேத் பட்டறையில் இரும்பு கடைகிற மாஸ்டர். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பால் பாத்திரத்தின் முன்னால் அவர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் யாரும் ஏமாந்துதான் போவார்கள்.

பால் பொங்கி வரும்போது அடுப்பைக் குறைத்து எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். பால் திரிந்து, வெள்ளைக் கட்டிகள் ஒரு பக்கமும் பச்சை பாய்ந்த தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரியும்வரை கண்ணை எடுக்க மாட்டார். பிறகு மெல்லிய துணியில் வடித்து, முடிச்சுப் போட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்புக் கட்டையைத் தூக்கி மேலே வைப்பார். காலையில் அதை வெட்டும் அழகு இருக்கிறதே! ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. வடித்த தண்ணீரும் வீணாகாது, சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்வார்.

இவ்வளவும் மகளுக்காக. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே மாஸ்டரின் மனைவி அவளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். யார் மேல் தப்பு என்று நான் கேட்டதில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை என்று என் மனைவி சொல்வாள். பெண் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, தானாகவே அப்பாவுக்கு ஃபோன் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து நின்றாள். அன்றைக்கு ஹோட்டலில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பனீர் பிடிக்கும் என்றாளாம். மகளைப் பற்றி மாஸ்டருக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாதம் ஒருமுறை அவள் வருவாள். ஒரு மாதம் பாலக் பனீர், அடுத்த மாதம் பட்டாணி போட்ட பனீர், அதற்கடுத்து பனீர் புர்ஜி. அவள் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். மிச்சம் ஒரு கிண்ணத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்.

அப்படி வந்த ஒரு கிண்ணத்தில்தான் வினை இருந்தது. தக்காளி மசாலாவில் பனீர், நிறம் கண்ணைப் பறித்தது. ஒரு வாய் வைத்தேன். உப்பு! நாக்கைச் சுட்டது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நேராகப் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"என்ன மாஸ்டர், உப்பைக் கொட்டிட்டு அதுல பனீரைப் போட்டீங்களா?"

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

"உப்பு ஜாஸ்தியா சார்?"

"ஜாஸ்தியாவா? வாயில வைக்க முடியல."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவ ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளே சார். நல்லா இருக்குப்பான்னாளே."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. போன வருஷம் அவர் ஒரு காய்ச்சலில் படுத்திருந்தார், அதில் மூக்கும் போய்விட்டதாம், நாக்கும் போய்விட்டதாம். வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. மிளகாயின் எரிச்சல் மட்டும் தெரியும். திரும்பி வந்தாலும் வரலாம் என்று டாக்டர் சொன்னாராம், வரவில்லை. உப்பை ஸ்பூன் கணக்கில்தான் போட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு, பஸ் இறங்கிவிட்டேன் என்று மகள் ஃபோன் செய்ய, பேசிவிட்டு வந்த சந்தோஷத்தில் மறுபடியும் ஒரு தடவை போட்டிருக்கிறார்.

"சாப்பாடுன்னா எனக்கு இப்போ வண்டிக்கு பெட்ரோல் போடற மாதிரி சார். பனீர் மட்டும் பல்லுல படும்போது கீச்சுன்னு ஒண்ணு தெரியும். அவ வர்ற அன்னிக்கு மட்டும்தான் உக்காந்து சாப்பிடறேன். மத்த நாளெல்லாம் நின்னுக்கிட்டேதான்."

எதிர் வாசலில் இருக்கிறேன், ஒரு வருஷமாக இது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

ஆனால் அவர் கவலை நாக்கைப் பற்றி இல்லை. "வீட்டு மனுஷி இப்படிச் சாப்பிடுவாளா சார்? மூஞ்சியச் சுளிச்சு, என்னப்பா இதுன்னு கேட்டிருக்க மாட்டாளா? விருந்தாளிதானே சார் எதப் போட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க?"

"நேரா கேட்டுடுங்களேன்" என்றேன்.

கேட்பதற்கு அவருக்குத் தைரியம் இல்லை. பதிலாக ஒரு திட்டம் போட்டார். அடுத்த மாதம் பனீரில் உப்பே போடப் போவதில்லை. அவள் ஏதாவது சொன்னால் மகள். நல்லா இருக்கு என்றால் விருந்தாளி. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "நீங்களும் கூட இருங்க சார். தனியா இருந்தா என்னால முடியாது" என்றார். வாயைத் திறக்கக் கூடாது என்று என் மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். நல்ல பெண். "நல்லா இருக்கீங்களா அங்கிள்?" என்று விசாரித்தாள். அப்பாவுக்குப் பழம் வாங்கி வந்திருந்தாள், அடுத்தவர் வீட்டுக்குப் போகிறவர்கள் வாங்கிப் போவது போல. சப்பாத்தியைப் பிய்த்து, பனீரைத் தொட்டு, வாயில் வைத்தாள். மாஸ்டர் மூச்சு விடவில்லை. நானும்தான். பனீர் மண் மாதிரி இருந்தது. அவள் மென்று விழுங்கினாள்.

"சூப்பரா இருக்குப்பா."

மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"நான் உப்பே போடலம்மா."

அவள் ஜாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"போன தடவ ஒரே உப்பு. அப்பவும் நல்லா இருக்குன்னுதான் சொன்ன."

"மாசத்துக்கு ஒரு நாள் பார்க்கறோம்" என்றாள் அவள், குனிந்தபடி. "நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்யறீங்க. அதுல போய் குறை சொல்லணுமா?"

அப்புறம் மாஸ்டர் மூக்கு நாக்கு விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "சாரிப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். கொஞ்சம் உப்பைத் தூவிக்கொண்டு ஒரு துண்டுகூட விடாமல் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு, "வரேன்ப்பா, வரேன் அங்கிள்" என்று கிளம்பிவிட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவளுடைய செருப்புச் சத்தம் படியில் இறங்கி ஓய்ந்தது. மாஸ்டர் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"பார்த்தீங்கல்ல சார்" என்றார். "இருந்த ஒண்ணையும் கெடுத்துக்கிட்டேன். இனிமே வர மாட்டா."

எழுந்து போகலாமா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அப்போது படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"காஸ் கசிஞ்சா உனக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் விழித்தார்.

"சொல்லு! பால் கெட்டுப்போனா எப்படித் தெரியும்? ஏதாவது தீயுதுன்னா தெரியுமா? உள்ள படுத்துத் தூங்கிட்டிருப்ப, வீடு பூரா காஸ் நிக்கும். அப்புறம் யாருக்கு ஃபோன் வரும்? எனக்குத்தானே வரும்?" குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. கீழ் வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "ஒரு வருஷமா மாசா மாசம் வந்து உன் எதிர்ல உக்காந்து சாப்பிடறேன். ஒரு வார்த்த சொன்னியா? நான் யாரு உனக்கு? வந்து தின்னுட்டுப் போறதுக்கு விருந்தாளியா? இதுல உப்பில்லாம ஆக்கிப் போட்டு என்னை டெஸ்ட் வேற பண்ற! கண்றாவியா இருந்துச்சு, தெரியுமா? தொண்டைக்குள்ள இறங்கல!"

பையைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பின் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அங்கிருந்தும் திட்டு வந்துகொண்டே இருந்தது. கீழே தெருவில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் நமக்கு என்ன வேலை என்று நான் நைசாக எழுந்தேன். மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இருங்க சார்" என்றார் தாழ்ந்த குரலில். "என்னைத் திட்டுறா பாருங்க."