நான் ஜெயித்த பட்டிமன்றம்

என் தம்பி பொண்டாட்டி மேல் எனக்குப் பொறாமை. இதைப் பல வருடமாக வேறு வேறு பெயரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "அவளுக்கு அடக்கம் போதாது" என்பேன். "படிச்ச திமிரு" என்பேன். "நம்ம குடும்பத்துப் பழக்கவழக்கம் தெரியல" என்பேன். எல்லாம் சும்மா. வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

அம்மா போனபோது தம்பிக்கு ஏழு வயது, எனக்குப் பதினாறு. அவனுக்குத் தலை துவட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் படிக்கப் போவேன். பிறகு திருவண்ணாமலையில் தமிழாசிரியை வேலை கிடைத்தது. கல்யாணம், பிள்ளை, செங்கம் ரோட்டுப் பக்கம் வாடகை வீடு என்று நான் டவுன்காரி ஆகிவிட்டேன். அப்போதும் அவன் தினமும் போன் போடுவான். கீழ்பென்னாத்தூர் தாண்டி எங்கள் ஊரில் இருக்கும் ரெண்டு ஏக்கரை அவன்தான் பார்த்துக்கொண்டான். "அக்கா, எரு அடிக்கட்டுமா? அக்கா, இந்த வாட்டி மல்லாட்ட போடட்டுமா, உளுந்து போடட்டுமா?" மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சாக்பீஸைத் தவிர எதையும் தொடாத நான் போனிலேயே விவசாயம் பார்த்தேன். சொன்னது பலித்தால் என் கெட்டிக்காரத்தனம், பலிக்காவிட்டால் கடவுள் விட்ட வழி.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் வந்தாள். வேளாண்மை டிப்ளமோ படித்தவள். வந்த முதல் மாதமே, அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொல்லை வேலிக் கம்பத்தில் கட்டினாள். மழை பெய்தால் மறுநாள் காலையில் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள்.

"இன்னாத்துக்கும்மா இது?" என்றேன்.

"மழ முன்ன மாதிரி இல்ல அண்ணி. எழுதி வெச்சாதான் தெரியும்" என்றாள்.

தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். வெளியே சிரித்து வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போன் வருவது குறைந்தது. தினமும் வந்தது வாரம் ஒன்றானது. வந்தாலும், "மருந்து அடிச்சுட்டோம்கா", "வெத வாங்கியாச்சுக்கா" என்று முடிந்துபோன சேதியாகத்தான் வந்தது. நான் ஊருக்குப் போனால், எதிர்வீட்டுப் பெரியவர் என்னை "வாம்மா டீச்சர்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு அவளிடம் திரும்பி, "மழ வருமாம்மா? நெல்ல காயப் போடலாமா?" என்று கேட்பார். காலங்காலமாக அண்ணாந்து வானத்தைப் பார்த்த மனுஷன், இப்போது என் தம்பி பொண்டாட்டி முகத்தைப் பார்க்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடத்துக்கு முந்தின வருடமும், போன வருடமும், மல்லாட்டையைப் பிடுங்குகிற நேரத்தில் மழை கொட்டி எல்லாம் மண்ணுக்குள்ளேயே போயிற்று. தம்பி ஒடிந்துபோனான். "இந்த வருஷமும் போச்சுன்னா நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு ஓசூர் கம்பெனிக்குப் போறேன்கா. ஆள் கேட்டுக்கிட்டேகீறாங்க" என்றான். அவனுக்கு அந்த மண்ணை விட்டால் வேறு எதுவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. அவன் போய் ஒரு ஷெட்டுக்குள் சீருடை போட்டுக்கொண்டு நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவள்தான் ஒரு வழி சொன்னாள். ஆடியில் விதைப்பது எங்கள் ஊர் வழக்கம். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆனியிலேயே விதைக்கலாம் என்றாள். ஆனியில் ஒரு மழை வந்தால் அந்த ஈரம் போதும், புரட்டாசிக் கடைசியில் பெருமழைக்கு முன்னால் காயை எடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. நான் போனில் குதித்தேன். "ஆடிய விட்டுட்டு ஆனில விதைக்கிறதா? அப்பா இருந்தா செருப்பால அடிப்பாரு!" தம்பி "உம்" கொட்டினான். அவள் சொன்னபடியே விதைத்தான். செடி எப்படி வந்தது தெரியுமா? பார்த்தவர்கள் கண் பட்டுவிடும் போல வந்தது. முதலில் பட்டது என் கண்.

நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. என் வகுப்புக்கு மேலே தகரக்கூரை. முன்பெல்லாம் சித்திரையில்தான் பிள்ளைகள் சுருண்டு விழும், இப்போது மாசியிலேயே விழுகின்றன. ஒரு சித்திரைப் பௌர்ணமிக்குச் சாயங்காலம் வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பினேன். வெயில் சாய்ந்த பிறகும் தார் ரோடு கொதித்தது. பாதியிலேயே கொப்புளம் கண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். சின்ன வயதிலிருந்து நடந்த பாதை, ஒருநாளும் அப்படிச் சுட்டதில்லை. ஆனால் அவள் போனில், "ரோடெல்லாம் இப்ப சூட்டப் புடிச்சு வெச்சுக்குது அண்ணி, முன்ன மாதிரி ராத்திரில ஆறறதில்ல" என்றதும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, எனக்கு வயசாயிடுச்சு" என்றேன். கிழவி என்று ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வேன், அவள் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் "பருவநிலை மாற்றமெல்லாம் சும்மா பூச்சாண்டி" என்று கழுத்து நரம்பு புடைக்க வாதாடுகிறவர்களைப் பார்த்தால், 'அது சரி, உனக்கு யார் மேல கோபம்?' என்று கேட்க இப்போதெல்லாம் எனக்கு வாய் வருகிறது.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயிலில் பட்டிமன்றம் வைப்பார்கள். இந்த வருடத் தலைப்பு, 'பருவம் தவறுவது பெரும் ஆபத்தா, வீண் பயமா?' ஆபத்து என்று பேச அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவே விழாக்குழுவுக்குப் போன் போட்டு, எதிரணியில் பேசுகிறேன் என்றேன். டீச்சரே வருகிறார்கள் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

அவள் முதலில் பேசினாள். நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "மழ பெய்யுற நாளு கம்மியாயிடுச்சுங்க. ஆனா பெய்யுற அன்னிக்கு ஜாஸ்தியா பெய்யுது. பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. எப்ப வெதைக்கணும், எப்ப காய எடுக்கணும்னு நாமளும் மாத்திக்கணும். இன்னும் ரெண்டு மூணு நாள்ல பெரிய மழ இருக்குன்றாங்க. காய் முத்துனவங்க சீக்கிரம் எடுத்துடுங்க." அவ்வளவுதான். நாலு பேர் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். இருபது வருடம் வகுப்பில் கத்திய தொண்டை.

"நடுவர் அவர்களே! எங்க அப்பா காலத்துல ஏரி ஒடையலயா? பஞ்சம் வரலயா? அப்ப எந்தக் கம்பெனி பொகை வுட்டுச்சு? வானம்னா முன்ன பின்னதான் இருக்கும். ஆனா ஒண்ணு, எங்க வீட்டு வானம் மட்டும் இப்ப ரொம்ப ஒழுங்கா இருக்குதுங்க. மேகம் வந்து வாசல்ல நின்னு, 'அம்மா, பெய்யலாமா?'ன்னு கேக்குது. 'நோட்டுல எடமில்ல, நாளைக்கு வா'ன்னு எதிரணித் தலைவி சொன்னா, அப்பிடியே திரும்பிப் போயிடுது!"

விசில் பறந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு நோட்டை மடியில் கவிழ்த்தாள். நான் விடவில்லை. குவளையைப் பிடித்தேன், ஆனியைப் பிடித்தேன், மழைச் சேதி பார்க்கிற அவள் போனைப் பிடித்தேன். நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நகைச்சுவைக்கு மயங்குகிறவர். "வானம் நம்மைக் கைவிடாது, வீண் பயம் வேண்டாம்" என்று என் பக்கம் தீர்ப்புச் சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத்தான் தேடினேன். தம்பி கை தட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விஜயதசமி. முதல் நாள் படைத்த மண்வெட்டியையும் களைக்கொத்தையும் எடுத்து வேலை தொடங்க நல்ல நாள். அன்றைக்கே மல்லாட்டை பிடுங்கிவிட வேண்டும் என்று அவள் ஒரு வாரம் முன்பே பெண்ணாட்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள். காலையில் எல்லாரும் வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். நானும் ஊரில்தான் தங்கியிருந்தேன், வேடிக்கை பார்க்கப் போனேன்.

அவர்களில் ஒருத்தி வெற்றிலையை மென்றபடி, "நேத்துதான் தீர்ப்பு சொல்லிட்டாங்களே, மழ வராதுன்னு! அப்பறம் இன்னாத்துக்கு அவசரம்? நாலு நாளு போனா காய் இன்னும் தெரளும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அது பட்டிமன்றம், வெறும் பேச்சு, வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவள் நான்.

தம்பியின் கூட்டாளிகள் காலையிலிருந்தே, "பொண்டாட்டி நோட்டப் பாத்துதான் பல்லு வெளக்குவியாடா?" என்று அவனை ஓட்டியிருந்தார்கள். முகம் தொங்கிப்போயிருந்தது. குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, அவளிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினான்.

"நீ சொல்லுக்கா. புடுங்கட்டுமா, வேணாமா?"

எட்டு வருடம் கழித்துக் கேட்கிறான், அதுவும் அவள் பக்கத்தில் நிற்கும்போது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று.

மூன்று காயை உடைத்தேன். காய் முற்றினால் ஓட்டின் உள்பக்கம் கறுத்திருக்கும், முற்றாவிட்டால் வெள்ளையாக இருக்கும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டு கறுப்பு, ஒன்று வெள்ளை. எந்தச் செடியிலும் இப்படி ஒன்றிரண்டு பிஞ்சு இருக்கத்தான் செய்யும். கறுத்த இரண்டையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, வெள்ளையை மட்டும் அவனிடம் காட்டினேன்.

"இன்னும் முத்தலடா. ஒரு வாரம் போவட்டும்."

"அப்ப சரி" என்றான். ஆட்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். நான் மூடிய கையை வரப்போரமாக உதறிவிட்டு, அன்று மத்தியானம் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. டவுனில் தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். பள்ளிக்கு லீவு. வீட்டில் உட்கார்ந்துகொண்டு தம்பிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மழை விட்டு வெயில் அடித்ததும் ஊருக்கு ஓடினேன்.

நிலத்தில் சேறு. பெண்கள் செடியைப் பிடுங்கினால் வெறும் வேர்தான் கையோடு வந்தது, காயெல்லாம் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. வந்த ஒன்றிரண்டு காயிலும் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. தம்பி தூரத்தில் மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் சேற்றில் குந்தி, விரலால் மண்ணைத் துழாவிக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

தலையை நிமிர்த்தாமலே மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு ஓடு கறுத்திருந்துச்சு அண்ணி. நீங்க வரப்பு ஓரமா போட்டீங்க. நான் பாத்தேன்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். முதலில் கேட்டது அதைத்தான். மன்னிப்புக்கூட இல்லை.

"இல்ல. சொல்ல மாட்டேன். உங்கள அம்மாவா நெனைக்கிறாரு. அத நான் கெடுக்கக் கூடாது."

அடிப்பாவி, என்னைத் திட்டியிருக்கக் கூடாதா! சேற்றை வாரி மூஞ்சியில் எறிந்திருந்தால் எழுந்து நின்று சண்டை போட்டிருப்பேன். இந்த மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று, அந்தச் சேற்றிலும் எனக்கு எரிந்தது.

ஐப்பசி முடிவதற்குள் நிலம் குத்தகைக்குப் போனது. தம்பி ஓசூருக்குக் கிளம்பினான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வழியனுப்பப் போனோம். புதுப் பையும் புதுச் செருப்புமாக, பள்ளிக்குப் போக அழுகிற பிள்ளை மாதிரி நின்றான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவளைக் கூப்பிட்டான்.

"எதுனாலும் அக்காவக் கேட்டு செய். இந்த வாட்டி ஏதோ நம்ம நேரம், மழ முந்திக்கிச்சு. மத்தபடி அக்கா சொன்னா சரியாதான் இருக்கும்."

"சரிங்க" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

பஸ் நகர்ந்து ரோட்டில் திரும்பியதும் அவள் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, சுற்றி நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் கட்டைபோல் நின்றேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவது? அவளால் அழ முடிந்தது. எனக்கு அதுவும் பொறாமையாக இருந்தது.