கொம்புப் பந்தின் குறி

கொம்புப் பந்தில் இருந்த குறி பண்ணையார் வீட்டுக் காளையின் கொம்பு என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் காளை ஜல்லிக்கட்டில் எவனுக்கும் பிடிகொடுக்காதாம். அதில் மயங்கித்தான் எங்கள் அப்பா அதன் கொம்பை வரைந்து பந்தில் போட்டாராம். அப்பாவுக்கு ஒரு கோட்டை நேராக இழுக்க வராது.

அப்பா தேனி பஜாரில் கால்பந்து தைத்து விற்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கூடலூர் வரைக்கும் பள்ளிக்கூடங்களில் அவர் பந்துதான் உருண்டது. கடைக்குப் பின்னால் வீடு. ஒரு நாள், அடுப்பிலேயே மறந்து வைத்திருந்த, பாத்திரம் இறக்கும் கிடுக்கியை அம்மா எடுக்கப் போய், கை சுட்டு உதறிவிட்டாள். அது தைக்க வைத்திருந்த தோலின் மேல் விழுந்து, அதன் வளைந்து விரிந்த கைகள் இரண்டும் கருகிய கோடுகளாகப் பதிந்தன. அப்பா காட்டுக் கத்தல் கத்தினார். பிறகு தோலை வீணாக்க மனமில்லாமல் அதையும் பந்தில் சேர்த்துத் தைத்து, ஒரு டிரில் மாஸ்டர் தலையில் கட்டினார்.

அந்தப் பந்தில் ஆடி அவருடைய பள்ளிக்கூடம் ஜெயித்துவிட்டது. அடுத்த தடவை வந்தவர், அதே குறி போட்ட பந்துதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் அம்மாதான் கிடுக்கியைக் காய்ச்சி வைத்தாள். எங்கள் பக்கத்தில் வளைந்த கோடு இரண்டைச் சேர்த்துப் பார்த்தால், எந்த வீட்டுக் காளை என்றுதான் முதலில் கேட்பார்கள். கொம்புப் பந்து என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் கதை.

பக்கத்து ஊர்க்காரரான அந்தப் பண்ணையார், தன் ஊர்க் கோயில் திருவிழாப் பந்தயத்துக்குப் பந்து வாங்க வந்தார். குறியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம காளைக் கொம்புல்ல இது?" என்றார்.

"அய்யா சொன்னாச் சரிதான்" என்று அப்பா பல்லைக் காட்டினார். வியாபாரிக்கு முதுகெலும்பு வேண்டாம் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். அந்த ஊர்த் தெற்குத் தெரு இளைஞர்கள் சேர்ந்து எங்களிடம் ஒரு பந்து வாங்கியிருந்தார்கள். சில நாளில் அதைக் கந்தலாக எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பண்ணையாரின் ஆட்கள் அரிவாளால் கிழித்துவிட்டார்களாம். பண்ணை வீட்டுக் காளையின் கொம்பில் தெற்குத் தெருக்காரன் கால் படக் கூடாதாம். பண்ணையாரின் சொந்தக்காரப் பையன்கள் அதே கொம்பை நாள் முழுக்க உதைத்தார்கள். அவர்கள் கால் பட்டால் தீட்டில்லை போலும். தூ!

"அண்ணாச்சி, காசு குடுத்து வாங்குன பந்துல அவுக காளை எங்கனருந்து வந்துச்சு? அது கொம்பில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாங்க ஆடுவோம்" என்றான் ஒருவன். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா உள்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பண்ணையார் மறுபடி கடைக்கு வந்தபோது, அம்மா பழுக்கக் காய்ந்த கிடுக்கியோடு வெளியே வந்தாள். "அய்யா, இது உங்க காளையுமில்ல, கொம்புமில்ல. என் அடுப்புக் கிடுக்கி" என்று சொல்லி, அவர் கண்ணெதிரே ஒரு தோலில் வைத்து அழுத்தினாள். புகை வந்தது. கருகிய நாற்றத்தில் அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா! நம்ம காளைக் கொம்ப அச்சு அசலாப் போட்டுருக்கே இந்தப் பொம்பள!" என்று சிரித்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர்களை மன்னித்தாலும் மன்னிப்பேன், அப்பாவின் அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டேன்.

அம்மா உள்ளே போனாள். அன்று சாயங்காலம் ஒரு தோலைப் புரட்டிப் போட்டு, அதன் உள்பக்கத்தில் சூடு வைத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதைத் தைத்துத் தெற்குத் தெரு இளைஞர்களுக்குக் கொடுத்தார்.

தெற்குத் தெருவில் அந்தப் பந்து உருண்டபோது பண்ணை ஆள் ஒருவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். குறியைக் காணோம். போலிப் பந்து என்று காறித் துப்பிவிட்டு அவர்களிடமே தூக்கி எறிந்தானாம். அடுத்த பந்து வாங்க வந்த தெற்குத் தெரு இளைஞர்கள் இதைச் சொல்லிவிட்டு, "குறி எங்க ஆத்தா?" என்று கேட்டார்கள்.

"உள்ளாறதான் இருக்கு" என்றாள் அம்மா. "நல்லா ஒதைங்கப்பா."